பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய அன்னப்பூரணி

எங்கள் ஊர்த் துறையில் மணி கிடையாது, சங்கு கிடையாது. அன்னப்பூரணி இருந்தாள்.

தோணி அக்கரையில் கிடந்தால், போக வேண்டிய ஆட்கள் அவள் வீட்டு வேலியோரம் வந்து நிற்பார்கள். "பூரணி, உசனாரை ஒருக்காக் கூப்பிட்டு விடு புள்ள" என்பார்கள். அவள் உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டு, துறைக்கு இறங்கி, இடுப்பில் கையை ஊன்றி, "உசனார் காக்கோவ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் வாவித் தண்ணீரின்மேல் நீர்க்காகம் மாதிரித் தாழப் பறந்து போய் அக்கரையான எழுவான்கரையில் இறங்கும். அங்கே தோணிக்குள் சாய்ந்திருக்கிற தோணிக்காரர் உசனார் திடுக்கிட்டு எழும்பித் தொப்பியைச் சரி செய்துகொண்டு கம்பை எடுப்பார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம்.

"எங்கட பள்ளி மோதினார் தொண்டை கிழியத் தொழுகைக்குக் கூப்பிட்டாலும் சத்தம் தெருமுனையத் தாண்டாது. இந்தப் புள்ளைட சத்தம் ஆத்தையே தாண்டுது" என்று உசனார் வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். எங்கள் பேச்சில் வாவியும் ஆறுதான்.

அவளுடைய தொழில் நெல் அவித்துக் குத்தி அரிசியாக்குவது. நான் பக்கத்து வளவு, அடுத்த வீட்டுக்காரி. இரண்டு பேரும் ஒரே உரலில் மாறி மாறிக் குத்துவோம். அவள் குத்தும்போதும் பேசுவாள், நான் குத்தும்போதும் அவள்தான் பேசுவாள்.

அவளுடைய புருசன் கதிர்காமத்தம்பி அதற்கு நேர்மாறு. சந்தையில் விலை கேட்கிறதென்றாலும் விரலைத்தான் காட்டுவார். ஒரு வீட்டுக்கு இவ்வளவு பேச்சுப் போதும் என்று துறையடிப் பிள்ளையார் அளந்து எடுத்து, அதை முழுதுமாக ஒருத்தியின் கையிலேயே கொடுத்துவிட்டார் போலும் என்று நான் நினைப்பதுண்டு. பிள்ளைகுட்டி இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவிருக்கவில்லை.

எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணுடைய வீட்டுக்கு வருவது. கதிர்காமத்தம்பி எழுவான்கரையில் பிறந்தவர். தமக்கை புஸ்பம் தாய் வளவில் இருந்தாள். அவர்களுடைய தாய்மாமன் நல்லரத்தினம் போடியார். போடியாருக்கு எங்கள் கரையில் பெரிய வயல் வட்டை இருந்தது. கோயிலை நடத்துகிற வண்ணக்கரும் அவர்தான். கோயில் சாவி இடுப்பில், குடை கக்கத்தில், கோபம் மூக்கு நுனியில். கதிர்காமத்தம்பி அந்த மாமனுடைய வயலில்தான் வேலை செய்தார்.

இனி அந்தச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

சூடு மிதிக்கிற களத்துக்குள், அதாவது கதிர்க் குவியலை மாடு விட்டு மிதித்து நெல் உதிர்க்கிற இடத்துக்குள், எங்கள் ஊரில் பெண்கள் போவதில்லை. அதுவும் போகட்டும். அங்கே வாயிலிருந்து வரும் சொல்லுக்கும் கட்டுப்பாடு உண்டு. "இல்லை" என்று சொல்லக் கூடாது, "போதும்" என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றிலும் மேலாக "முடிஞ்சுது" என்று சொல்லவே கூடாது. நெல் அதைக் கேட்டால் நின்றுவிடும் என்பது நம்பிக்கை. "பொலி" என்றுதான் சொல்ல வேண்டும். வைக்கோலை உதறினாலும் பொலி, நெல்லை அள்ளினாலும் பொலி. பொலி என்றால் பெருகட்டும் என்று கருத்து. களத்தில் தும்மினாலும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் மூக்கைத் துடைப்பார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சித்திரை வருசம் பிறக்க ஒரு சில நாள் இருந்தது. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது கடல் பக்கமாக ஒரு முழக்கம் கேட்டது. பிறகு இன்னொன்று. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. உரலுக்குள் கிடந்த அரிசி அதிர்ந்தது. யப்பான்காரன் கடலில் கப்பலுக்குக் குண்டு போடுகிறான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. உலகம் உடைகிறதென்றுதான் நினைத்தோம். நான் பிள்ளையாரே என்று உரலுக்குப் பின்னால் குந்திவிட்டேன். அன்னப்பூரணி குந்தவில்லை. அவளுக்குப் புருசனின் ஞாபகம் வந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்பு வரம்பாக ஓடினாள். நேரே களத்துக்குள் ஓடினாள். மாடுகள் சுற்றிக்கொண்டிருக்கிற சூட்டின் நடுவில் போய் நின்று, அக்கரைத் தோணியைக் கூப்பிடுகிற அதே குரலில் கத்தினாள்:

"முடிஞ்சுது! ஐயோ, எல்லாம் முடிஞ்சுது!"

குண்டுச் சத்தத்துக்கு அசையாத மாடுகள் அந்தச் சத்தத்துக்கு அறுத்துக்கொண்டு ஓடின. போடியார் கையிலிருந்த குடை விழுந்தது. அந்த முறை நெற்குவியலை அளந்து பார்த்தபோது நெல் குறைவாகத்தான் கண்டது. மழை பொய்த்த வருசம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மழையைக் கூப்பிட்டு ஏச முடியாதே. போடியார் கதிர்காமத்தம்பியைக் கூப்பிட்டார். எல்லோரும் பார்த்திருக்கத்தான் கேட்டார்.

"மருமகன், பொண்டாட்டிட வாயைக் கட்டத் தெரியாதவன் களத்துக்க மாட்டைக் கட்டி என்ன செய்யப் போறாய்?"

கதிர்காமத்தம்பி வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அவர் வழமையாகவே பேசுகிறவர் இல்லைதானே, ஆனபடியால் அவர் பேசாமல் இருப்பதை அன்னப்பூரணி கவனிக்கவே இல்லை. பிறகு ஒருநாள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோணி ஏறித் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற லொறியில் ஏறிவிட்டார்.

செய்தி கொண்டுவந்தவர் உசனார்.

"மண் வெட்ட, மூட்டை தூக்க, பாதை போட ஆள் எடுக்கிறாங்களாம் தங்கச்சி. கப்பல்ல எகிப்துக்காம், நாங்க செல்ற மிசிர் தேசத்துக்கு. வல்லாஹி, நல்ல தேசம்தான். எங்கட நபிமார் நடந்த மண்ணு."

"அங்க ஆர் அவருக்குச் சோறு போடுற?"

"ராசா போடுவார்."

"ராசாக்குத் தெரியுமா அவர் கத்தரிக்காய் தின்னமாட்டாரெண்டு?"

 உசனார் இன்னொன்றையும் சொல்லத் தயங்கி, பிறகு சொன்னார். உன்னுடைய வீடு எது என்று பட்டாளத்தில் பதியும்போது கேட்டார்களாம். கதிர்காமத்தம்பி அக்காவின் வளவைச் சொல்லியிருக்கிறார்.

அதைக் கேட்டதும் அன்னப்பூரணி உலக்கையை எடுத்துக் குத்தத் தொடங்கினாள். பேசாமல் குத்தினாள். அன்றைக்குப் பிறகு அவள் தோணி கூப்பிடவில்லை. ஆட்கள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். "தொண்டை சரியில்லை" என்றாள். தொண்டை இரண்டு வருசமாகச் சரியாகவில்லை. ஊர் ஆட்கள் துறையில் நின்று சால்வையை அசைத்தார்கள், தகரத்தைத் தட்டினார்கள். ஒரு கலியாண மாப்பிள்ளை தலைப்பாகையை அவிழ்த்து வீசிக் காட்டி, அது வாவியில் விழுந்து, வெறுந்தலையோடு தாலி கட்டப் போனான். ஊருக்கு அப்போதுதான் அவளுடைய அருமை தெரிந்தது.

அப்படியிருக்கிற நாளில் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் ஒரு செய்தி கொண்டுவந்தார். கடல் கடந்து பட்டாளத்தில் சேவை செய்கிறவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் அரசாங்கம் கௌரவிக்கப் போகிறதாம். பட்டணத்தில் வாவிக்கரை வெட்டைவெளியில் பந்தல். அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வெள்ளைக்காரத் துரை தன் கையால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ராசாவின் முடிச்சின்னம் போட்ட பட்டயம் ஒன்று கொடுப்பாராம். கதிர்காமத்தம்பியின் குடும்பத்துக்கும் ஒன்று உண்டாம்.

"எந்த வீட்டுக்கு?" என்று அன்னப்பூரணி கேட்டாள்.

விதானையார் தலையைச் சொறிந்தார். "பதிவில கிடக்கிறது அக்காட வீடுதான் புள்ள."

அக்கரையில் புஸ்பம் அதற்குள்ளே பட்டயத்தைத் தொங்கவிடச் சுவரில் ஆணி அடித்துவிட்டாள் என்று உசனார் வந்து சொன்னார். நல்லரத்தினம் போடியாரும் அவள் பக்கம்தான். எங்கள் வழக்கப்படி ஒருவருடைய குடி, அதாவது வம்சம், தாய் வழியில் வருவது. கோயிலில் குடியின் பெயரைச் சொல்லி வரிசை மரியாதை கொடுக்கும்போது, கதிர்காமத்தம்பி நிற்பது தாய்மாமனோடும் தமக்கையோடும்தான். பெண்சாதி வேறு குடி, அவள் வேறு வரிசையில் நிற்பாள். கோயில் வரிசை எப்படியோ ராசாவின் வரிசையும் அப்படித்தான் என்று போடியார் தீர்த்துவிட்டார்.

அன்னப்பூரணி அன்று பின்னேரம் என் வளவுக்கு வந்து குந்தினாள்.

"எனக்கு அந்தக் கடதாசி வேணாம் கா. அதை அவ கரைச்சுக் குடிக்கட்டும். ஆனா ராசாட முத்திரை அங்க தொங்கினா, இவர் திரும்பி வந்து பார்ப்பார். 'இதுதான் உன்ட வீடெண்டு ராசாவே எழுதித் தந்திருக்கார் தம்பி' எண்டு மச்சாள் செல்லுவா. இவர் எதிர்த்துப் பேசுற ஆளா? ஓமெண்டு தலையை ஆட்டித்து அங்கயே இருந்திடுவார். பிறகு அவர் இந்த ஆத்தைத் தாண்டமாட்டார்."

அப்போதுதான் எனக்கு விசயம் விளங்கியது. நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, அவளோடு நானும் வருகிறேன் என்று சொன்னேன்.

உசனாரின் தோணியில் பட்டணத்துக்குப் போனோம். அவள் கலியாணச் சேலையை உடுத்தியிருந்தாள். வழி முழுக்க ஒரு சொல் பேசவில்லை.

"என்ன தங்கச்சி, தோணி வெறுமையாப் போற மாதிரிக் கிடக்கு" என்றார் உசனார். "எனக்காக ஒருக்கா என்னை ஏசன்."

"கம்பைப் பாத்து ஊண்டுங்க காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ். இவ்வளவு காணும்."

வெட்டை முழுக்கச் சனம். பந்தலில் நிறக் கடதாசிக் கொடிகள். மேசையில் ராசாவின் படம், அதற்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மாலை போட்ட படத்தைக் கும்பிடாமல் எப்படி நிற்பது? துரை வெள்ளை உடுப்பில் இருந்தார். பக்கத்தில் முதலியார், துரையின் பேச்சைத் தமிழிலும் எங்கள் பேச்சை இங்கிலீசிலும் மாற்றிச் சொல்ல. படைக்கு மனமுவந்து ஆள் அனுப்பிய குடும்பங்களுக்கு ராசா நன்றி சொல்லுகிறார் என்று துரை பேசியதை முதலியார் சொன்னார். மனமுவந்து என்ற சொல்லைக் கேட்டதும் அன்னப்பூரணி தலையைக் குனிந்துகொண்டாள். எங்களுக்குக் கதிரை இல்லை. பின்னால் கயிற்றோரம் நின்றோம்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒரு தகப்பன் தனியாகப் போய் வாங்கிவந்தார். ஒரு பெண் கைப்பிள்ளையோடு போய் வாங்கினாள். பிள்ளை துரையின் தொப்பியை இழுத்தது. பிறகு முதலியார் வாசித்தார்:

"கதிர்காமத்தம்பி. குடும்பத்தார் வரலாம்."

நல்லரத்தினம் போடியார் எழும்பினார். சால்வையை உதறிப் போட்டார். திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார். பந்தலின் தெற்குப் பக்கம் முழுதும் எழும்பியது. கோயிலில் குடியைக் கூப்பிட்டால் குடி முழுக்கத்தானே போக வேண்டும்? போனார்கள். முன்னால் பறையடிக்கிற ஒருவர், அவருக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டோடு பெண்கள், அவர்களுக்கு நடுவில் புஸ்பம், பிறகு மாமன், மச்சான், சின்னம்மா, பெரியம்மா, ஊன்றுகோலோடு நடக்கிறவர்கள், தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள். பறை முழங்கியது. காவலுக்கு நின்ற சிப்பாய் துவக்கை இறுக்கிப் பிடித்தான். துரை கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"இதென்ன போடியார், இவ்வளவு பேர்?" என்று முதலியார் அடிக்குரலில் கேட்டார்.

"குடும்பத்தாரைத்தானே ஐயா கூப்பிட்டீங்க? குடும்பம் இதுதான். கரடியனாத்தில இருந்து ரெண்டு வண்டில் ஆள் இன்னும் வரக் கிடக்கு."

துரை ஏதோ கேட்டார்.

"இதில அவருட பெண்சாதி ஆர் எண்டு துரை கேக்கிறார்."

"பெண்சாதி எங்கட ஆளில்லை ஐயா. அவ வேற குடி."

முதலியார் மாற்றிச் சொன்னார். துரை திரும்பவும் சொல்லச் சொன்னார். ஒரு மனிதனின் குடும்பத்தில் ஊரே இருக்க, பெண்சாதி மட்டும் எப்படி இல்லாமல் போவாள் என்று அவருக்கு விளங்கவில்லை. அவருடைய முகம் சிவந்தது. முதலே சிவந்த முகம்தான், ஆனபடியால் அது கோபமா வெயிலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் சுருக்கமாக ஒன்று கேட்க, முதலியார் மாற்றிச் சொன்னார்.

"சரி, அவரைப் படைக்கு அனுப்பி வைச்சது ஆர்? அவங்க முன்னுக்கு வரட்டும்."

"நான்தான் ஐயா" என்று புஸ்பம் முன்னே வந்தாள். "என்ட வாசலால இறங்கித்தான் லொறி ஏறினவர். சோறு கட்டிக் குடுத்து நான்தான் அனுப்பினது."

என் பக்கத்தில் நின்ற அன்னப்பூரணி கயிற்றைப் பிடித்திருந்தாள்.  பிறகு, இரண்டு வருசமாக உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"வாசல் அவவிட வாசல்தான்! ஆனா அனுப்பினது நான்!"

பந்தலிலிருந்த காகமெல்லாம் பறந்தன. ராசாவின் மாலை ஆடியது. கரையோரம் தோணியில் இருந்த உசனார், "அல்லாவே! வந்திட்டுது, சத்தம் திரும்பி வந்திட்டுது!" என்று எழும்பி நின்றார். சனம் தானாக விலகியது. அன்னப்பூரணி அந்த வழியால் நடந்துபோய்த் துரைக்கு முன்னால் நின்றாள். நானும் பின்னால் போனேன். என்னுடைய கால் ஏன் போனதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"நீ எப்பிடி அனுப்பினாய்?" என்று முதலியார் கேட்டார்.

"மனமுவந்து அனுப்பல்ல ஐயா. அது பொய். சூடு மிதிக்கிற நேரம் களத்துக்க ஓடிப்போய் 'முடிஞ்சுது' எண்டு கத்திட்டன். அந்த வெக்கத்திலதான் போனவர்."

முதலியாரும் எங்கள் பக்கத்து ஆள்தான். கோட்டும் சப்பாத்தும் போட்டிருந்தாலும், "அடி பாவி!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். போடியார் இரண்டு காதையும் பொத்தினார்.

"திரும்பவும் செல்றாள் பாருங்க! இஞ்ச வந்தும் செல்றாள்!"

முதலியார் துரைக்கு விளங்கப்படுத்த நெடுநேரம் எடுத்தது. மாடு சுற்றுவதைக் கையால் சுற்றிக் காட்டினார். துரை கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு அவர் எதையோ கேட்க, முதலியார் தமிழில் சொன்னார்.

"கடலில குண்டு போட்ட அண்டைக்கா எண்டு கேக்கிறார்."

"ஓம் ஐயா. அண்டைக்குத்தான்."

துரை மீசையைத் தடவினார். மெல்ல ஏதோ சொன்னார். முதலியார் அதை எங்களுக்குச் சொல்லலாமா விடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். துரையே தலையை ஆட்டினார், சொல் என்று.

"துரையும் அண்டைக்கு அந்தச் சொல்லைத்தான் சொன்னாராம். கச்சேரி மேசைக்குக் கீழ இருந்து."

அதற்குப் பிறகு சனத்தைப் பிடிக்க முடியவில்லை. சிரிப்பு வாவிக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சிப்பாயும் சிரித்தான். போடியார் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

ஆனால் பட்டயம் பட்டயம்தான். அது பதிவில் உள்ள வீட்டுக்குத்தான் போக வேண்டும், மாற்ற முடியாது என்று முதலியார் சொன்னார். புஸ்பம் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்னப்பூரணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நேர்ந்த ஒரு தேங்காயை இரண்டு தேங்காயாக்கினேன், மனதுக்குள்.

அரசாங்கம் இன்னொன்றும் வைத்திருந்தது. ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு வசனம், பட்டாளத்திலிருப்பவருக்குத் தந்தியில் போகும். முதலியார் பேனாவை எடுத்தார். புஸ்பம் தொடங்கினாள்.

"தம்பி, இஞ்ச எல்லாரும் சுகம். பசு கண்டு போட்டிருக்கு. நாம்பன் கண்டு. மேற்கு வேலி சாஞ்சு போச்சு, அதுக்கு அலம்பல் கம்பு வெட்டக் கிடக்கு…"

"குடிப் பேரையெல்லாம் முன்னுக்குப் போடுங்க ஐயா" என்றார் போடியார். "வரிசையா நான் செல்றன்."

"தந்தியில இதெல்லாம் போகாது, சுருக்கமா வேணும்."

துரை கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அன்னப்பூரணியைச் சுட்டிக் காட்டினார். அனுப்பியவளே சொல்லட்டும் என்றார்.

பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள் அன்றைக்குத் திகைத்துப்போய் நின்றாள். சேலைத் தலைப்பை முறுக்கினாள். ராசாவின் படத்தைப் பார்த்தாள், வாவியைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, எங்கள் ஊரே அதுவரை கேட்டறியாத சின்னக் குரலில் சொன்னாள்:

"பொலி எண்டு அனுப்புங்க ஐயா."

முதலியாரின் பேனா நின்றது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். துரைக்கு எதையும் விளங்கப்படுத்தாமலே எழுதினார். நல்லரத்தினம் போடியார் தொண்டையைச் செருமினார், குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"பசு கண்டு போட்டதையும் போடுங்க ஐயா" என்றாள் புஸ்பம். "அவருக்கு அந்தப் பசுவில சரியான உசிர்."

அப்படியே போனது தந்தி. பொலி. பசு கண்டு.

திரும்பி வரும்போது உசனார் கேட்டார். "ஒரு சொல்லுக்குப் போன மனிசன் ஒரு சொல்லுக்கு வருவானா தங்கச்சி?"

"தெரியா காக்கா. பசுவுக்காவது வந்தாச் சரி."

அடுத்த நாள் காலையில் யாரோ வேலியோரம் வந்து நின்றார்கள். அன்னப்பூரணி உலக்கையைச் சாத்தினாள்.

பட்டயம் அக்கரையில் ஆணியில் தொங்கியது. புஸ்பம் வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினாள், முடிச்சின்னத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். அதில் பிழையென்ன என்றுதான் எனக்குப் பட்டது. மிசிரிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவர் பேசுகிறவர் இல்லைதானே என்று நான் ஆறுதல் சொன்னேன். ஆறுதலாக அது எடுபடவில்லை.

அதற்கு அடுத்த வருசம் யுத்தம் நின்றது. ஊரில் எல்லோரும், "சண்டை முடிஞ்சுது! சண்டை முடிஞ்சுது!" என்று வெடி கொளுத்தினார்கள். அந்தச் சொல்லை எங்கள் ஊர் சந்தோசமாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அன்னப்பூரணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. "நான் செல்லமாட்டன் கா. போன முறை செல்லி ஆளே போச்சு" என்றாள்.

ஒரு நாள் பின்னேரம் இரண்டு பேரும் நெல் குத்திக்கொண்டிருந்தோம். தோணி எங்கள் கரையில் கிடந்தது. திடீரென்று அவள், "உலக்கையை நிப்பாட்டு" என்றாள். நிறுத்தினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்று மட்டும் அடித்தது. பிறகு கேட்டது. அக்கரையிலிருந்து, பழக்கமில்லாத தொண்டையால், நூல் மாதிரி ஒரு குரல்:

"பொலியோ… பொலி!"

அங்கே நடந்ததைப் புஸ்பம் பிறகு என்னிடம் சொன்னாள். பஸ்ஸில் வந்து இறங்கித் தமக்கை வீட்டில் சோறு தின்றிருக்கிறார். பட்டயத்தைப் பார்த்திருக்கிறார். "இதுதான் உன்ட வீடெண்டு ராசாவே எழுதித் தந்திருக்கார் தம்பி" என்று இவள் சொல்ல, ஓமென்று தலையை ஆட்டியிருக்கிறார். கன்றைத் தடவியிருக்கிறார். பிறகு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு துறைக்கு நடந்துவிட்டார். "வெயில் தாழட்டும், இருந்திட்டுப் போவன்" என்றதற்கும் தலையைத்தான் ஆட்டினாராம்.

அன்னப்பூரணி துறைக்கு ஓடினாள். உசனார் அதற்குள்ளே தோணியில் ஏறிவிட்டார். ஆனாலும் அவள் விடவில்லை.

"உசனார் காக்கோவ்! கெதியாப் போங்கோவ்!"

"காதுக்குள்ள நிண்டு கத்தாத தங்கச்சி!" என்றார் உசனார். "தோணி பயத்தில தானாப் போகுது, எனக்கு வேலையே இல்லை."

தோணி வந்து முட்டியது. கதிர்காமத்தம்பி இறங்கினார். கறுத்து, காக்கி உடுப்போடு, சட்டைக் கையில் ஒரு துணிப் பட்டியோடு நின்றார். அவளுக்கு வாய் வரவில்லை. அவருக்கு எப்போதுமே வராது. நான் நடுவில் நின்றேன், உசனார் தோணியில் நின்றார். பார்த்தால் எல்லோரும் ஊமைகள்.

பிறகு அவர்தான் பேசினார்.

"அந்தத் தந்தி வந்த உடன என்னைப் பிடிச்சு மறிச்சுப் போட்டாங்க. 'பொலி' எண்டா என்ன ரகசியம், எதிரிக்குச் செல்ற குறியா எண்டு கப்டன் கேட்டான். களம், சூடு, மாடு எல்லாம் செல்லி விளங்கப்படுத்தினன். ரெண்டு மணித்தியாலம் பேசினன் புள்ள. செத்துப் போனன்."

அவருடைய வாயிலிருந்து அவ்வளவு பேச்சு ஒரே தடவையில் வந்ததை நாங்கள் யாரும் கண்டதில்லை. அன்னப்பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு துணிப் பட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதென்ன?"

"பதவி உசத்தி வைச்சது. எங்களுக்கு ஒரு சார்ஜன் இருந்தான். அவன் கத்தினா ஒட்டகம் படுத்திடும். மத்த ஆக்களெல்லாம் நடுங்குவாங்க. நான் மட்டும் அசையமாட்டன். 'நீ தைரியசாலி' எண்டு இதைத் தைச்சு விட்டாங்க."

"ஏன் நீங்க மட்டும் பயப்படல்ல?"

"பழக்கம்தானே" என்றார் கதிர்காமத்தம்பி.

உசனார் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. அன்னப்பூரணி ஏசத் தொடங்கினாள். மூன்று வருசத்து ஏச்சு. பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசல் வரைக்கும் ஏசிக்கொண்டே போனாள். அவர் பின்னால், தலையை ஆட்டிக்கொண்டே போனார். நான் பிள்ளையார் கோயிலுக்குப் போய் இரண்டு தேங்காயையும் உடைத்தேன்.

அடுத்த நெல் வெட்டுக்குப் போடியார் ஆள் அனுப்பினார். "மருமகன் களத்துக்கு வரட்டும். மருமகளும் வந்து வரம்பில நிண்டு பொலி செல்லட்டும், அந்தத் தொண்டைக்கு நெல் கேக்காமலா போகும்? வரம்பிலதான். உள்ளுக்க வரப்படாது, செல்லிப் போட்டன்."

அவள் வரம்பில் நின்று சொன்னாள். மாடுகள் வழமை போல அறுத்துக்கொண்டு ஓடின.